குருதி காட்டும் குறிகள்: நச்சுக் காய்ச்சலில் உயிர்ப்பிழைப்பை முன்னறிதல்

(அறக்கட்டளையின் விழாவில் நிகழ்ந்த மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)



போளூர், ஆரணி வட்டாரங்களில் வாழும் குடும்பத்தார்க்கு ஜவ்வாது மலை புதிதன்று. திருமலைக்கு வழிபாட்டுக்குச் செல்வோர் மேற்கே அதன் நீலத்தொடரைக் கண்டிருப்பர். செய்யாறும் கமண்டல நாகநதியும் பிறப்பது அம்மலையிலேதான். ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் விளையும் சாமையும் புளியும் பலாவும் தேனும் சமவெளிச் சந்தைகளுக்கு வருகின்றன. அவற்றோடு மழைக்காலத்தின் இறுதியில் மற்றொன்றும் இறங்கி வருகிறது. அது காய்ச்சல். அக்காய்ச்சல் மலையடிவாரத்து வயல்களிலும் புதர்களிலும் தோன்றுவதால், மலைவாழ் மக்களுக்கு மட்டும் உரியதென்று கொள்ளுதல் தவறாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் புதர்கள் அடர்ந்த காலம். விறகுக்கோ ஆடு மேய்க்கவோ சென்று வந்த ஒருவர்க்கு ஐந்தாறு நாளாகக் காய்ச்சல் எனக் கொள்க. கடையில் வாங்கிய மாத்திரையால் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. ஆறாம் நாள் மூச்சு வாங்குகிறது, சிறுநீர் குறைகிறது, மாலையில் பேச்சு தடுமாறுகிறது. வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் வண்டி இறங்கிப் போளூரையோ திருவண்ணாமலையையோ வேலூரையோ அடையும்போது, படுக்கை ஒதுக்கப்படும் முன்னரே குருதி எடுக்கப்படுகிறது. சற்று நேரத்தில் ஒரு தாளில் சில எண்கள் வருகின்றன. குடும்பத்தார் அத்தாளைப் பார்த்துக் கேட்பது ஒரே வினா: பிழைப்பாரா? அவ்வினாவுக்குக் குருதி எவ்வளவு தூரம் விடை தரவல்லது என்பதே இவ்வுரையின் பொருள்.

உடலில் நுழைந்த கிருமியை எதிர்க்க எழும் உடலின் சொந்தப் படையே கட்டுப்பாடிழந்து தன் உறுப்புகளைத் தாக்கும் நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். அழுகுதல் என்னும் பொருளுடைய பண்டைய கிரேக்கச் சொல் அது. அதன் கடுமையான வடிவம் செப்டிக் ஷாக்; தமிழில் நச்சதிர்ச்சி எனலாம். 2016ஆம் ஆண்டு பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இதற்கு வரையறை வகுத்தது. போதிய நீர்மம் செலுத்திய பின்னும் சராசரிக் குருதியழுத்தத்தை 65 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிறுத்துவதற்கே மருந்து தேவைப்பட வேண்டும்; அத்துடன் குருதியில் லாக்டேட்டு ஒரு லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒருசேர அமைந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையிலேயே இறந்தனர் என்பது அக்குழு ஆராய்ந்த தரவுகளின் கணக்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேர்க்குச் செப்சிஸ் நேர்ந்தது என்றும், 1 கோடியே 10 இலட்சம் பேர் அதனோடு தொடர்புற்று இறந்தனர் என்றும் 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

வரையறைக்குள்ளேயே இடம்பெற்ற குருதிக் குறி லாக்டேட்டு ஒன்றே. ஆதலின் அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். 1843இல் யோஹன் யோசப் ஷேரர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மகப்பேற்றுக் காய்ச்சலால் மாண்ட பெண்களின் குருதியில் லாக்டிக் அமிலத்தைக் கண்டார். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை நிலைபெறுவதற்கு முந்திய காலம் அது. நலமாக உள்ள உடலில் உயிரணுக்கள் சர்க்கரையை உயிர்வளியின் துணையால் முழுமையாக எரித்து ஆற்றலைப் பெறுகின்றன. உயிர்வளி போதிய அளவு சென்று சேராதபோது, எரிப்பு பாதியில் நின்று லாக்டேட்டாக மிஞ்சுகிறது. ஈரவிறகு எரியும் அடுப்பில் தணல் குறைந்து புகை மிகுவது போன்ற நிலை எனலாம். கைகால் நுனிகளுக்கும் குடலுக்கும் குருதி செல்வது குறைகிறது என்பதை அழுத்தமானி காட்டும் முன்னரே லாக்டேட்டு காட்டிவிடுவதுண்டு. அழுத்தம் ஏறத்தாழ இயல்பாக இருக்க, லாக்டேட்டு 4ஐக் கடந்து நிற்கும் நோயாளி பெரும் இடரில் இருக்கிறார் என்று தீவிர சிகிச்சை மருத்துவர்கள் கருதுவது இதனால்தான்.

ஆயினும் ஒரு வேளை எடுத்த எண்ணைக் காட்டிலும் அதன் போக்கே மிகுதியாகப் பேசுகிறது. 6 மில்லிமோலில் வந்தவர்க்குச் சில மணி நேரத்தில் 3 ஆகக் குறைந்தால் அது நற்குறி. 3இல் வந்தவர்க்கு 5 ஆக உயர்ந்தால் முதல் எண் சிறிதாயிருந்தும் கவலைக்குரியது. குடும்பத்தார் மருத்துவரிடம் "எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்பதோடு "முன்பு எவ்வளவு இருந்தது?" என்றும் கேட்டல் நன்று. மேலும் லாக்டேட்டு உயர்வதற்கு உயிர்வளிக் குறைவு ஒன்றே காரணமன்று. வலிப்பு வந்து ஓய்ந்தவர்க்கும் அது உயரும். கல்லீரல் பழுதுற்றவர்க்கு அது கழியாமல் தேங்கும். அட்ரீனலின் மருந்தாலும் மிகும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உண்ணும் முதியவர்க்குச் சிறுநீரகம் தளர்ந்தால் லாக்டேட்டு அபாய அளவை எட்டுவதுண்டு. நீரிழிவு உடைய பெரியவர் இல்லாத இல்லங்கள் இன்று அரிதாதலின், அவர் உண்ணும் மாத்திரைகளின் பெயரை மருத்துவரிடம் மறவாது சொல்லுதல் அந்த எண்ணைச் சரியாகப் படிப்பதற்கே வேண்டப்படுவதாகும்.

பிற குறிகளை விரைந்து காண்போம். நிமோனியா நோயாளிகளின் குருதியில், அந்நோய்க் கிருமியின் ஒரு சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படியும் புரதம் ஒன்றை 1930இல் டில்லெட், ஃபிரான்சிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். அதுவே இன்று சிற்றூர் ஆய்வுக்கூடங்களிலும் பார்க்கப்படும் சி.ஆர்.பி. உடலில் எங்கோ அழற்சி உள்ளது என்பதை அது சொல்லும். எங்கே, எதனால் என்பதைச் சொல்லாது. 1993இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அறிவித்த புரோகால்சிட்டோனின் சற்றுத் தேர்ந்த குறி. பாக்டீரியா நோயில் சில மணி நேரத்தில் உயர்ந்து, நோய் தணிய நாளொன்றுக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் இயல்புடையது. நெதர்லாந்தில் நடைபெற்று 2016இல் வெளியான ஆய்வு, இக்குறி குறைவதைப் பார்த்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை முன்னதாகவே நிறுத்தலாம் என்றும், அதனால் நோயாளிக்குத் தீங்கு நேரவில்லை என்றும் காட்டியது. எனவே, மருந்தை எப்போது நிறுத்துவது என்பதற்கே அது பெரிதும் உதவுகிறது. எவர் பிழைப்பார் என்பதற்கு அதன் துணை சிறிது.

இவ்வாறு எத்தனை குறிகள்? 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, செப்சிஸ் குறித்து ஆராயப்பட்ட குருதிக் குறிகள் 258 என்றும், அவற்றைப் பற்றிய ஆய்வுகள் 5,367 என்றும் எண்ணியது. பத்தாண்டுகளுக்கு முன் அதே ஆசிரியர்கள் எண்ணியபோது அவை 178ஆக இருந்தன. எண்ணிக்கை பெருகியது, படுக்கையருகே அன்றாடம் பயன்படுவனவோ விரல்விட்டு எண்ணத்தக்கன. ஒரு நகரத்து மருத்துவமனையில் ஐம்பது பேரிடம் சிறப்பாகத் தோன்றிய குறி, வேறு நாட்டில் ஐந்நூறு பேரிடம் பார்க்கும்போது மங்கிப் போவது இத்துறையில் வழக்கமான செய்தியாகிவிட்டது. புதிய பெயருடைய பரிசோதனை என்றவுடன் அதற்காகப் பெரும்பொருள் செலவிட முனைவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விடத்தில் கொல்லாமை பேணும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. பாக்டீரியாக்களின் நச்சாகிய எண்டோடாக்சினைக் கண்டறிய, குதிரைலாட நண்டு என்னும் கடலுயிரின் நீலக் குருதியிலிருந்து எடுத்த பொருள் பயன்பட்டு வருகிறது. 1956இல் ஃபிரெட் பாங் என்னும் ஆய்வாளர், சில பாக்டீரியாக்கள் பட்டதும் அவ்வுயிரின் குருதி உறைவதைக் கண்டதே இதற்குத் தொடக்கம். நோயாளியின் குருதியில் நச்சை அளப்பதற்கு இம்முறை நம்பகமாக அமையவில்லை. ஆனால் நரம்பு வழி ஏற்றப்படும் உப்புநீரிலும் ஊசிமருந்திலும் நச்சு இல்லை என்று உறுதி செய்ய உலகெங்கும் இதுவே வழக்கமாயிற்று. குருதி எடுத்தபின் நண்டுகள் கடலிலே விடப்படினும் ஒரு பகுதி மடிகின்றன. இதற்கு மாற்றாகச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நண்டின் துணையின்றி ஆய்வகத்திலேயே விளைவிக்கத்தக்க காரணிப் புரதத்தை உருவாக்கினர். ஐரோப்பிய மருந்துநூல் 2021 முதல் அதனை ஏற்றுள்ளது. ஒரு மருத்துவ முறை தன் பயனைக் குறைக்காமலேயே தீங்கைக் குறைத்துக்கொள்ளக் கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி வேலூருக்கு வருவோம். கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஜவ்வாது மலை மக்களிடையே நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. அண்மை ஆண்டுகளில் குடற்புழு ஒழிப்புக்கான பன்னாட்டு ஆய்வொன்றின் இந்தியக் களங்களில் ஒன்றாகவும் இம்மலை இருந்தது. வேலூர் வட்டாரத்தில் மழைக்குப்பின் வரும் கடுங்காய்ச்சலுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று ஸ்க்ரப் டைபஸ்; மக்கள் வழக்கில் உண்ணிக் காய்ச்சல். புதரில் வாழும் கண்ணுக்கெட்டாத சிற்றுயிரின் இளம்பருவம் தோலில் கடிக்கும்போது, ஓரியன்ஷியா என்னும் பாக்டீரியா உட்செல்கிறது. அது குருதிக்குழாய்களின் உட்சுவர் அணுக்களில் குடியேறுகிறது. சுவர் கசிகிறது, நீர்மம் நுரையீரலிலும் திசுக்களிலும் இறங்குகிறது, அழுத்தம் வீழ்கிறது. தட்டணுக்கள் குறைகின்றன, கல்லீரல் நொதிகள் உயர்கின்றன, சிறுநீரகம் தளரக் கிரியேட்டினின் ஏறுகிறது. நச்சதிர்ச்சி என்பது இங்கே நூலில் படிக்கும் சொல்லாக இல்லாமல், மார்கழிப் பனியில் வார்டுக்கு வரும் உழவராக இருக்கிறது.

2005 முதல் 2010 வரை அக்கல்லூரியில் இந்நோய்க்காகச் சேர்க்கப்பட்ட 623 பேரைப் பற்றிய ஆய்வு 2014இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு ஒன்பதின்மர் இறந்தனர். எவர் இறப்பர் என்பதைத் தனித்து முன்னுணர்த்தியவை மூன்று: அழுத்தத்தை உயர்த்தும் மருந்து தேவைப்படும் அளவுக்கு அதிர்ச்சி, மூளை நரம்பு மண்டலத்தின் தடுமாற்றம், சிறுநீரகச் செயலிழப்பு. இம்மூன்றுள் குருதி தரும் எண் ஒன்றே, அதாவது கிரியேட்டினின். மற்ற இரண்டும் படுக்கையருகே நின்று காண்பவை. விலையுயர்ந்த 258 குறிகளைத் தேடும் உலகத்துக்கு, தாலுகா மருத்துவமனையிலும் கிடைக்கும் ஒரு சோதனையும் கூர்ந்து நோக்கும் கண்ணுமே இவ்வளவு சொல்லிவிடுகின்றன என்பது ஆறுதல் தருவது. அந்த ஆறாண்டுகளில் இறப்பு விகிதம் இறங்குமுகமாக இருந்தது என்பதும் அவ்வாய்வின் முடிபு.

1996இல் வகுக்கப்பட்டு உலகெங்கும் வழங்கும் சோஃபா என்னும் மதிப்பெண் முறையும் இவ்வழியே செல்கிறது. நுரையீரல், தட்டணு, கல்லீரலின் பிலிருபின், குருதியழுத்தம், நினைவுநிலை, கிரியேட்டினின் ஆகிய ஆறுக்கும் பூச்சியம் முதல் நான்கு வரை எண் கொடுத்து 24க்குக் கூட்டுவது அம்முறை. அதிலும் புதுமையான பொருள் எதுவும் இல்லை.

காவலூர் ஜவ்வாது மலையிலேதான் உள்ளது. அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இரவெல்லாம் விண்ணை நோக்கி நிற்கிறது. ஒரு கோள் மற்றொன்றை மறைக்கும் நேரத்தை நொடிக்கணக்கில் முன்கூறுவது வானியலார்க்கு எளிது. அதே மலையின் அடிவாரத்தில் படுத்திருக்கும் ஒரு மனிதர் நாளை மறுநாள் எவ்வாறிருப்பார் என்று அவ்வளவு திட்டமாகக் கூற எந்த மருத்துவராலும் இயலாது. கோளுக்கு விதி ஒன்று. நோயாளிக்கோ வயது, பழைய நோய், ஊட்டம், கிருமியின் வகை, மருந்து தொடங்கிய மணி, செவிலியரின் விழிப்பு என விதிகள் பல. அவற்றுள் சில சிகிச்சையால் மாறுபவை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு. நச்சதிர்ச்சியுடன் நூறு பேர் வருகின்றனர், முப்பதின்மர் இறக்கவுள்ளனர். ஒரு குருதிக் குறி, இறக்கவுள்ளோரில் நூற்றுக்கு எண்பதைச் சரியாக "அபாயம்" என்று காட்டுகிறது. பிழைக்கவுள்ளோரில் நூற்றுக்கு எண்பதைச் சரியாக "அபாயமன்று" என்கிறது. மிக நல்ல குறி என்று இதழ்கள் புகழும். இறக்கவுள்ள முப்பதின்மரில் இருபத்து நால்வர்க்கு "அபாயம்" என வரும். பிழைக்கவுள்ள எழுபதின்மரில் பதினால்வர்க்கும் அவ்வாறே வரும். ஆக, "அபாயம்" என்று குறிக்கப்பட்ட முப்பத்தெண்மரில் பதினால்வர், அதாவது மூவரில் ஒருவர்க்கு மேல், வீடு திரும்பப் போகிறவர்கள். அப்பதினால்வர் யாவர் என்பதை அந்த எண் சொல்லாது.

இதன் விளைவு அச்சந்தருவது. கூடத்தில் நிற்கும் உறவினர்க்கு எண் சொல்லப்படுகிறது. செலவு ஒருபுறம், தொலைவு ஒருபுறம், வயலையும் மாட்டையும் விட்டுவந்த கவலை ஒருபுறம். "இனிப் பயனில்லை போலும், வீட்டுக்குக் கொண்டுபோவோம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைக்கின்றனர். நோயாளி வழியிலோ வீட்டிலோ இறக்கிறார். எண் சரியாகவே சொன்னது என்று பின்னர்ப் பேசப்படுகிறது. சிகிச்சை நின்றதால் நேர்ந்த இறப்பும் குறியின் கணக்கில் வெற்றியாகச் சேர்ந்துவிடுகிறது. முன்னறிவிப்பு தானே தன்னை மெய்யாக்கிக்கொள்ளும் இக்கேட்டினை மருத்துவ ஆய்வாளர்களும் நன்கறிவர்.

சமண இல்லங்களில் இவ்வேளையில் மற்றொரு சொல்லும் எழுவதுண்டு. அதனைத் தவிர்த்துச் செல்லுதல் நேர்மையாகாது. முதியவர் நோன்பாளர், பல்லாண்டு அறத்தில் நின்றவர், குழாய்களின் நடுவே அவரை வைத்திருப்பது முறையா, சல்லேகனைக்குரிய காலமன்றோ இது என்று மக்கள் தயங்குகின்றனர். தயக்கம் அன்பினால் எழுவது; இழித்துரைக்கத் தக்கதன்று. ஆனால் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் வகுத்ததும், அந்நூல்வழிச் செல்லும் அருங்கலச்செப்பு தமிழில் உரைப்பதும், தீர்க்க வழியில்லாத இடுக்கண், பஞ்சம், மூப்பு, நோய் என்னும் நிலைகளையே. தீர்வில்லாமை என்பதே அங்கு நிபந்தனை. சல்லேகனையை ஏற்பவர் தெளிந்த அறிவோடு தாமே ஏற்கிறார் என்பது மற்றொன்று. நச்சதிர்ச்சியில் கிடப்பவர்க்கு நினைவு கலங்கியிருக்கிறது. அவர் எதனையும் ஏற்கும் நிலையில் இல்லை. நோயோ, தக்க மருந்து தொடங்கினால் பலர்க்கு முழுமையாகத் தீரக்கூடியது. தீராதது என்று முதல் நாளில் வந்த லாக்டேட்டு எண்ணைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. சில நாள் சிகிச்சைக்குப்பின் உறுப்புகள் மேலும் மேலும் தளர்ந்தால், அப்போது மருத்துவரோடும் அறநெறி அறிந்த பெரியோரோடும் கலந்து பேசுவது வேறு. முதல் இரவின் முடிவாக அது அமைதல் கூடாது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. நோன்பில் உறுதியுடைய பெரியவர்கள் நலமாயிருக்கும் நாளிலேயே தம் விருப்பத்தை மக்களிடம் தெளிவாகச் சொல்லி வைப்பாராயின், கூடத்தில் நிற்போரின் சுமை பெரிதும் குறையும்.

எண்ணைவிட மணிக்கு வலிமை மிகுதி. வட அமெரிக்க மருத்துவமனைகளில் நச்சதிர்ச்சியுற்ற 2,731 பேரைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், அழுத்தம் வீழ்ந்த முதல் மணிக்குள் தக்க நுண்ணுயிர்க்கொல்லி பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பதின்மர் பிழைத்தனர். முதல் ஆறு மணி நேரத்தில் தாழ்ந்த ஒவ்வொரு மணிக்கும் பிழைப்பு சராசரியாக 7.6 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வாதலின் அவ்வெண்ணை அப்படியே மலைச்சாலைக்குப் பொருத்த இயலாது. எனினும் திசை ஐயமற்றது. ஜமுனாமரத்தூரிலிருந்து சமவெளி மருத்துவமனைக்கு வரும் வழியே சில மணிகளை விழுங்கிவிடுமாயின், கீழே எடுக்கப்படும் எந்தக் குருதிக் குறியும் அம்மணிகளை மீட்டுத் தராது.

உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் பழைய மருந்துகள், விலையும் குறைவு. கடுமையான நோயில் எது மேல் என்பது நெடுநாள் விடையற்றிருந்தது. வேலூர் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில், கடும் உண்ணிக் காய்ச்சலுற்ற 794 பேரிடம் நடைபெற்ற ஆய்வு 2023இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று. இரு மருந்துகளையும் நரம்பு வழியே சேர்த்துப் பெற்றோரில் 33 விழுக்காட்டினர்க்கும், ஒன்றை மட்டும் பெற்றோரில் 47, 48 விழுக்காட்டினர்க்கும் இறப்பு, ஏழாம் நாளில் உறுப்புச் சிக்கல், ஐந்தாம் நாளில் தொடரும் காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. இறப்பை மட்டும் தனித்து நோக்கின் மூன்று பிரிவுகளுக்கும் வேறுபாடு தென்படவில்லை. நன்மை பெரும்பாலும் சிக்கல்கள் குறைந்ததில் இருந்தது. இவ்வரம்பையும் சேர்த்துச் சொல்வதே முறை. உலகப் புகழ்பெற்ற இதழில் தமிழகத்து வயற்காட்டு நோய் இடம்பெற்றது என்பது இப்பகுதியினர் பெருமைப்படத் தக்கது.

மலைக்கு மிகவும் பொருந்தும் ஆய்வு தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஐந்து நாடுகளின் 28 மருத்துவமனைகளில் நச்சதிர்ச்சியுற்ற 424 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு இரண்டு மணிக்கொரு முறை லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை. மற்றப் பிரிவினர்க்கு அரை மணிக்கொரு முறை விரல்நுனியைப் பார்த்துச் சிகிச்சை. வலக்கைச் சுட்டுவிரல் நுனியைக் கண்ணாடித் தகட்டால் வெளுக்கும்வரை அழுத்திப் பத்து நொடி வைத்திருந்து விடுவர். சிவப்பு மூன்று நொடிக்குள் திரும்பினால் நன்று, தாமதித்தால் குருதியோட்டம் குறைவு. 2019இல் முடிவு வெளியானபோது, 28 நாளில் விரல்நுனிப் பிரிவில் இறந்தோர் 34.9 விழுக்காடு, லாக்டேட்டுப் பிரிவில் 43.4 விழுக்காடு. புள்ளியியலின் கண்டிப்பான எல்லையை அவ்வேறுபாடு மயிரிழையில் எட்டவில்லை. ஆதலால் விரல் வென்றது என்று சொல்லுதல் மிகை. ஆய்வுக்கூடம் இல்லாத இடத்திலும் செய்யத்தக்க சோதனை, லாக்டேட்டுக்குத் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை என்பது மட்டும் உறுதியாகச் சொல்லத்தக்கது. மலைமேலுள்ள கிராமச் செவிலியர்க்கும் 108 வண்டியின் பணியாளர்க்கும் இதனினும் எளிய கருவி வாய்ப்பது அரிது.

இல்லத்தார் செய்யத்தக்கன சில உள. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் காய்ச்சல் மூன்று நாளைக் கடந்தால், தலைமுதல் கால்வரை உடலைப் பார்த்தல் வேண்டும். சிற்றுயிர் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கரிய பொருக்கு இருக்கும்; வலியோ அரிப்போ இராது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், இடுப்பில் ஆடை இறுகும் இடம், காதின் பின்புறம் ஆகிய மறைவிடங்களிலேயே அது பெரும்பாலும் காணப்படும். பெண்கள் கூச்சத்தால் சொல்லாது விடுவதும், மருத்துவர் கேளாது விடுவதும் நேர்கின்றன. இல்லத்து மூதாட்டியர் பார்த்துச் சொல்வது உயிர்காக்கும். வேலூரின் 623 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர்க்கே பொருக்கு காணப்பட்டது. எனவே அது இல்லையென்பதால் நோய் இல்லையென்று கொள்ளற்க. மூச்சு மிகுதல், பேச்சுத் தடுமாற்றம், சிறுநீர்க் குறைவு, கைகால் குளிர்ந்து தோல் புள்ளியிடுதல் இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே புறப்பட வேண்டும்.

தசலட்சண பர்வத்தில் நீரும் அருந்தாது நோன்பு நோற்ற முதியவர்க்கு அதன்பின் காய்ச்சல் கண்டால், அச்செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். நீரிழந்த உடலில் கிரியேட்டினின் நோயின்றியும் உயர்ந்திருக்கும். மருத்துவர் அதனைச் சிறுநீரகப் பழுதென்று எண்ணி முன்னறிவிப்பைத் தவறாகக் கணிக்கக் கூடும். இதற்கு எளிய வழி, ஆண்டுக்கொரு முறை நலமாயிருக்கும்போது எடுத்த குருதிச் சோதனைத் தாளைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்திருப்பதாகும். அவசர வேளையில் புறப்படும்போது அத்தாளும், அன்றாட மாத்திரைகளின் உறையும், காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்த ஒரு துண்டுச் சீட்டும் ஒரே பையில் இருக்கட்டும். இரவுப் பணியிலுள்ள இளம் மருத்துவர் நோயாளியை முன்பின் அறியாதவர். பழைய கிரியேட்டினின் 0.9 என்றிருக்க இன்று 2.4 என்று கண்டால், அவர் அடுத்த சில நிமிடங்களில் செய்வது வேறாக இருக்கும்.